ந.க. எண் இல்லாத ஒரு கடிதம்

அனுப்புநர்
வருகைப் பதிவேட்டில் 14-ஆம் எண்,
பன்னிரண்டாம் வகுப்பு, முதல் குரூப், 1997–98.

பெறுநர்
கிளார்க் சார் அவர்கள் (ஓய்வு),
அரசு மேல்நிலைப் பள்ளி அலுவலகம்,
கமுதி வட்டம், இராமநாதபுரம் மாவட்டம்.

ஐயா,

பொருள்: என்னை டெல்லிக்கு அனுப்பி வைத்தமை – நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: தாங்கள் 1998 ஜூன் மாதம் டைப் அடித்துக் கொடுத்த ஒன்பது தாள்கள்.

பொருளும் பார்வையும் இல்லாத கடிதத்தைத் தலையில்லாத முண்டம் என்பீர்கள். காய்ச்சலில் கிடந்தவன் கொண்டுவந்த லீவு லெட்டரைக்கூட, பொருள் எழுதவில்லை என்று திருப்பிக் கொடுத்த ஆள் நீங்கள். அந்தப் பயத்தில்தான் இருபத்தேழு வருடம் கழித்தும் இப்படித் தொடங்குகிறேன். இதைத் தனியாக உங்கள் வீட்டு விலாசத்துக்கே அனுப்பியிருக்கலாம். ஆனால் உங்களை எனக்குத் தெரியும். உறையை ஓரமாகக் கத்தரித்து, தேதி முத்திரை குத்தி, ந.க. எண் போட்டு, துளையிட்டு, டேக் கயிற்றில் கோத்து வைத்துவிடுவீர்கள். பத்திரிகையில் வந்துவிட்டால் கோக்க முடியாது அல்லவா?

செப்டம்பர் 5 வந்தால் என்னை ஏதாவது ஒரு பள்ளியில் பேசக் கூப்பிடுகிறார்கள். இயற்பியல் சாருக்கும் கணக்கு டீச்சருக்கும் பல மேடைகளில் நன்றி சொல்லிவிட்டேன். அவர்கள் தகுதியானவர்கள்தான், குறையில்லை. ஆனால் பள்ளி அலுவலகத்தில், இரும்பு பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒடுங்கி உட்கார்ந்திருந்த இளநிலை உதவியாளருக்கு மேடையில் நன்றி சொன்ன ஒருவரையும் நான் பார்த்ததில்லை. நானும் சொன்னதில்லை. உங்கள் பெயரையே பத்தாம் வகுப்பு டிசியில் கையெழுத்துக்குப் பக்கத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். அதுவரை நீங்கள் எங்களுக்கு கிளார்க் சார். இங்கேயும் அப்படியே இருந்துவிட்டுப் போங்கள்; பெயரை அச்சில் போட்டால் கோபிப்பீர்கள்.

நம் பள்ளியை அறியாதவர்களுக்காக நாலு வரி. முதல் குரூப்பில் நாங்கள் 23 பேர். இயற்பியலுக்கு ஆள் வந்ததே செப்டம்பர் மாதம்தான். அதுவரை பெற்றோர் ஆசிரியர் கழகம் போட்ட ஒரு டீச்சர் வேதியியலையும் இயற்பியலையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருந்தார். லேபில் ஒரே ஒரு ஸ்பெக்ட்ராமீட்டர். அதன் முப்பட்டகத்துக்கு ஒரு முனை உடைந்திருந்தது. எங்களுக்கு முன்னால் படித்தவர்களில் அதிகத் தூரம் போனவர் மதுரை போனவர். பாதிப் பேர் பனைக்கும் கரிக்கும் மிளகாய்க்கும் திரும்பினார்கள். எங்கள் வீட்டிலும் அதுதான்: மழை பெய்தால் குண்டு மிளகாய், பெய்யாவிட்டால் சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம்.

அந்த வருடம் மே 11-ஆம் தேதியும் 13-ஆம் தேதியும் பொக்ரானில் அணுகுண்டு வெடித்தார்கள். நம் மாவட்டத்துக்காரர் கலாம் எல்லாப் பத்திரிகையிலும் முதல் பக்கத்தில் நின்றார். டீக்கடையில் அணுவைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. எனக்கும் இயற்பியல் படித்தே தீர வேண்டும் என்ற கிறுக்கு அப்போதுதான் முற்றியது. அணுகுண்டைப் பற்றி இன்று எனக்கு இருக்கும் கருத்து வேறு. பதினேழு வயதில் அப்படித்தான் இருந்தது.

ரிசல்ட் வந்தது. கணக்கில் 191, இயற்பியலில் 186, வேதியியலில் 184. பொறியியல் நுழைவுத் தேர்வுக்குக் கோச்சிங் போக மதுரைக்குத்தான் போக வேண்டும், போகவில்லை, அதில் என் மதிப்பெண்ணைச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். மார்க் ஷீட் வாங்க வந்த அன்று இயற்பியல் சார் போகிறபோக்கில் சொன்னார்: “இந்த மார்க்குக்கு டெல்லி யுனிவர்சிட்டியிலயே பி.எஸ்சி. ஆனர்ஸ் கேக்கலாம்.” சொல்லிவிட்டு அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார். நான் உங்கள் ஜன்னலுக்கு வந்தேன்.

“சார், டெல்லியில சேரணும்னா என்ன சார் வேணும்?”

நீங்கள் கையெழுத்து வாங்கும் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னீர்கள்: “எனக்குத் தெரியாது தாயி. கேட்டுச் சொல்றேன்.”

இந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அதன் அருமை எனக்கு அப்போது தெரியவில்லை. நம் பக்கத்தில் பெரியவர்களிடம் தெரியாத ஒன்றைக் கேட்டால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும். “அதெல்லாம் நமக்கு எதுக்கு” என்பார்கள். இல்லாவிட்டால், “அங்கெல்லாம் நம்மளச் சேக்க மாட்டாக” என்று கண்ணால் பார்த்தது மாதிரி சொல்லிவிடுவார்கள். தனக்குத் தெரியாததையெல்லாம் உலகத்திலேயே இல்லாததாக்கிவிடுகிற பதில்கள் இவை. சின்ன ஊர்ப் பிள்ளைகள் தூரத்துப் பல்கலைக்கழகங்களுக்குப் போகாததற்கு மார்க் காரணமில்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன். நான் ஆசிரியையாக இருந்து பார்த்தவரை, போகக்கூடிய மார்க் வாங்கியவர்கள் வருடத்துக்கு ஒருவராவது இருக்கிறார்கள். தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல அவர்களுக்கு ஆள் இருப்பதில்லை.

கேட்டும் சொன்னீர்கள். உங்கள் மனைவியின் தம்பி டெல்லியில் மத்திய அரசு வேலையில், ஆர்.கே. புரம் குவார்ட்டர்ஸில் இருந்தார். இரவில் கட்டணம் குறையட்டும் என்று எஸ்.டி.டி. பூத் வாசலில் காத்திருந்து அவரிடம் பேசினீர்கள். அவர் மூன்று நாள் அரை நாள் லீவு போட்டு, கல்லூரி கல்லூரியாகப் போய் விண்ணப்பம் வாங்கினார். அப்போது ஒவ்வொரு கல்லூரிக்கும் தனி விண்ணப்பம், தனி வரிசை. ஸ்பீடு போஸ்ட்டில் ஐந்து விண்ணப்பங்கள் நம் பள்ளி விலாசத்துக்கு வந்தன. தபால்காரர் என்ன ஏதென்று தெரியாமல் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

அந்த ஐந்து விண்ணப்பங்களையும் நாம் நிரப்பிய மத்தியானத்தை நான் இன்னும் மறக்கவில்லை. நேராக மையில் எழுதவிடவில்லை நீங்கள். முதலில் பென்சில். பிறகு வெள்ளைத்தாளில் ஒரு நகல். அப்புறம்தான் பேனா. ‘சர்நேம்’ என்று ஒரு கட்டம் வந்தது. நம்மிடம் இருப்பது இனிஷியல். இருவரும் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில், “இனிஷியலை விரிச்சா அப்பா பேருதான, அதையே போடு” என்றீர்கள். போட்டேன். அதன் பலனாக மூன்று வருடம் டெல்லியில் பேராசிரியர்கள், விடுதிக் காவலாளி, நூலகர் எல்லாரும் என்னை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வகுப்பில் முதல் நாள் என் அப்பா பெயரைக் கூப்பிட்டபோது, அவர்தான் ஊரிலிருந்து வந்துவிட்டாரோ என்று நான் கதவைத் திரும்பிப் பார்த்தேன். சார், இது ஒன்றுக்கு மட்டும் நன்றி கிடையாது.

இன்னொரு கட்டம் சாதிப் பிரிவுக்கானது. எஸ்.சி., எஸ்.டி. இருந்தது, நம் பி.சி. இல்லை. நீங்கள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். அச்சுப்பிழை என்று நினைத்தோம். பிழை இல்லை. மத்தியக் கல்வி நிறுவனங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு என்பதற்கு 2006-ல்தான் சட்டம் வந்தது. 2008-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்ற பிறகுதான் நடைமுறைக்கு வந்தது. 1998-ல் எனக்குப் பொதுப் போட்டிதான். “சரி, மார்க்குதான் பேசணும்” என்றீர்கள். அதில் உங்களுக்குப் பெருமை இல்லை, எரிச்சல்தான் இருந்தது என்பதைக் கவனித்தேன்.

அப்பாவிடம் பேச நீங்களே வந்தீர்கள். டி.வி.எஸ். 50-ஐ வரப்பில் நிறுத்திவிட்டு, கரிமூட்டத்தின் புகைக்குள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்து வந்தீர்கள். பெண் கல்வி, முன்னேற்றம் என்று ஒரு வார்த்தை நீங்கள் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கணக்கு வாசித்தீர்கள். கல்விக் கட்டணம் மாதம் 15 ரூபாய். அப்பா நம்பவில்லை. “அம்பத்தஞ்சா, பதினஞ்சா?” என்று இரண்டு தடவை கேட்டார். பதினைந்துதான். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் அன்று அவ்வளவுதான். மற்ற கட்டணங்கள், சாப்பாடு, ரயில் டிக்கெட், மாணவர் சலுகை என்று வரிசையாக வாசித்து முடித்தீர்கள்.

“ஏண்ணே, கலாமே திருச்சி செயின்ட் ஜோசப்புலதான பிசிக்ஸ் படிச்சாராம். அவருக்குப் போதும்னா இவளுக்குத் திருச்சி போதாதா?” என்றார் அப்பா. டீக்கடையில் கேட்டுவந்த சேதி. எனக்கு வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் அது நல்ல கேள்வி.

நீங்கள் தாளைத் திருப்பினீர்கள். பின்பக்கத்தில் திருச்சிக் கணக்கு இருந்தது. “அதையும் விசாரிச்சுட்டுத்தான் வந்தேன். வெளியூருன்னா எங்கயும் ஹாஸ்டல் காசுதான் காசு. ரயிலுதான் கூட.” அப்பா அந்தத் தாளை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அம்மாவின் கம்மல் அடுத்த வாரம் கமுதிக்குப் போனது. அந்தத் தாள் அப்பா இறந்தபோது அவருடைய தகரப் பெட்டியில் இருந்தது, சார். கரிப்புகை படிந்து, மடிப்பில் கிழிந்து, இரண்டு பக்கமும் உங்கள் எழுத்து.

இனி அந்த ஒன்பது தாள்கள். பள்ளியில் இருந்தது தமிழ் டைப்ரைட்டர் மட்டும். நீங்கள் இங்கிலீஷ் ஹையர் பாஸ் செய்தவர். அதனால் கமுதியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வகுப்பு முடிந்த பிறகு ஒரு மெஷினைக் கேட்டு வாங்கி, இரவு எட்டரை வரை உட்கார்ந்து அடித்தீர்கள். நன்னடத்தைச் சான்று, படிப்புச் சான்று, வருமானச் சான்றின் ஆங்கில வடிவம், இன்ன பிற. ஜெராக்ஸ் எடுக்கப் போனால் கரண்டு இல்லை. மறுநாள் எடுத்து, ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் பச்சை மையில் கையெழுத்து வாங்கினீர்கள். பள்ளி முத்திரை தமிழில் மட்டும் இருந்தது. “அங்க இதப் பாத்தா, என்னமோ கோலம் போட்டிருக்குன்னு நினைப்பான்” என்று ஆங்கிலத்தில் புதிதாக ஒரு ரப்பர் முத்திரை செய்து வந்தீர்கள். 45 ரூபாய். அந்தச் செலவுக்கு எந்தக் கணக்குத் தலைப்பும் கிடையாது என்று பியூன் அண்ணன் பிறகு சொன்னார். உங்கள் சொந்தக் காசு.

இடம்பெயர்வுச் சான்றிதழ் என்று ஒன்று வேண்டும் என்பது உங்களுக்கே அப்போதுதான் தெரிந்தது. வேறு மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்கிறவர்களுக்குச் சென்னை கல்லூரிச் சாலையில் அரசுத் தேர்வுத் துறை கொடுப்பது. நம் பள்ளியிலிருந்து அதற்கு முன் ஒருவரும் கேட்டதில்லை. ஏதோ பென்ஷன் கோப்பு வேலை இருக்கிறது என்று சொல்லி, பரமக்குடியிலிருந்து இரவு பஸ் ஏறி, இரண்டு நாளில் அதை வாங்கி வந்தீர்கள். வேடிக்கை என்னவென்றால், கல்லூரியில் அட்மிஷன் அன்று அதைக் கேட்கவே இல்லை. ஆகஸ்டில் கேட்டார்கள். இல்லாத பிள்ளைகள் அன்று தந்திக்கும் தொலைபேசிக்கும் ஓடினார்கள். நான் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அன்று என் வகுப்புத்தோழி கேட்டாள், உன் பள்ளி ரொம்பப் பெரிய பள்ளியா என்று.

ஒன்பதாவது தாளை யாரும் கேட்கவில்லை. எந்த விண்ணப்பத்திலும் அதற்கு இடமில்லை. நீங்களாக யோசித்து அடித்தது. ஏன் என்று நான் கேட்டதற்கு, “புது ஆபீஸுக்குப் பேப்பர் போகும்போது, நாம என்ன எழுதியிருக்கோம்னு அவனுக்குப் புரியாதுன்னு வெச்சுக்கிட்டுத்தான் எழுதணும்” என்றீர்கள்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் நானும் அப்பாவும் போனோம். சென்ட்ரலில் இரவு பத்து மணிக்கு ஏறி, மறுநாள் முழுக்க ஓடி, அதற்கடுத்த நாள் காலையில் இறங்கினோம். அப்பா நாக்பூர் வரை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி மண்ணைப் பார்த்தார். கரிசல் வந்தபோது முகம் மலர்ந்தது. ஜூன் கடைசி. டெல்லி வெயிலைப் பற்றிப் பயமுறுத்தியிருந்தார்கள். கரிமூட்டம் போடுகிறவருக்கு அது ஒரு வெயிலாகவே தெரியவில்லை.

கட் ஆஃப் பட்டியலைக் கல்லூரிப் பலகையில் ஒட்டுவார்கள். அதற்கு மேல் மார்க் இருந்தால், கொடுத்த நாட்களுக்குள் அசல் சான்றிதழ்களோடு நேரில் போய்ச் சேர வேண்டும். ஊரில் உட்கார்ந்துகொண்டு பார்க்க முடியாது. இயற்பியல் ஆனர்ஸுக்குக் கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றின் சராசரி. எனக்கு 600-க்கு 561, 93.5 விழுக்காடு. பலகையில் இருந்த எண்ணுக்கு மேலே இருந்தேன். அப்பாவிடம் சொன்னேன். அவர் பலகையைப் பார்த்துக் கும்பிட்டார்.

கவுன்டரில் இருந்தவர் மார்க் ஷீட்டைப் பார்த்தார். 191 என்றிருந்தது. நூற்றுக்கு எப்படி 191 வரும் என்பது அவர் சந்தேகம். பிறகு கீழே மொத்தம் 1200 என்பதைப் பார்த்துவிட்டு, தமிழும் ஆங்கிலமும் உயிரியலும் சேர்ந்த மொத்தத்தை வைத்து விழுக்காடு போட்டார். 89.9 வந்தது. கட் ஆஃபுக்குக் கீழே. தாள்களை என் பக்கம் தள்ளிவிட்டு இந்தியில் ஏதோ சொன்னார். பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். 1968-லிருந்து நம் பள்ளிகளில் இந்தி இல்லை. அது சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன், ஆனால் அந்த நிமிடத்தில் எனக்கு அழுகை வந்தது. என் ஆங்கிலமும் தொண்டையிலேயே நின்றுவிட்டது. கோப்பைத் திறந்து ஒன்பதாவது தாளை எடுத்து நீட்டினேன்.

அதில் நீங்கள் அடித்திருந்தது இவ்வளவுதான். தமிழ்நாட்டில் மேல்நிலைத் தேர்வில் ஒவ்வொரு பாடத்துக்கும் 200 மதிப்பெண். அறிவியல் பாடங்களில் எழுத்துத் தேர்வு 150, செய்முறை 50. இந்த மாணவி இன்னின்ன பாடங்களில் இவ்வளவு. மூன்றையும் சேர்த்தால் 600-க்கு 561. நூற்றுக்கு மாற்றினால் 93.5. கீழே ஒரு குறிப்பு: இந்தப் பள்ளியில் முதல் குரூப்பில் படித்தோர் 23, இந்த மாணவி முதலிடம், பாடமொழி தமிழ். தலைமையாசிரியர் கையெழுத்து. புத்தம்புது ஆங்கில முத்திரை.

அவர் படித்தார். ஒரு தடவை கால்குலேட்டரைத் தட்டினார். உள்ளே எடுத்துக்கொண்டு போய் யாரிடமோ காட்டிவிட்டு வந்தார். ரசீது எழுதினார்.

எனக்குப் பல வருடம் கழித்துத்தான் உறைத்தது, நீங்கள் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று. பெரிய பள்ளியிலிருந்து போகிற பிள்ளைக்குப் பள்ளியின் பெயரே பாதி பேசிவிடும். அந்த மார்க் ஷீட்டைக் கவுன்டரில் இருப்பவர் ஆயிரம் தடவை பார்த்திருப்பார். நம் பள்ளியின் பெயரை டெல்லியில் யாரும் கேட்டதில்லை. அந்தப் பெயருக்குப் பதில் பேச ஒரு தாளை அனுப்பினீர்கள். அமெரிக்காவில் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும்போது, பள்ளி எத்தனை பேர் படிக்கிற பள்ளி, என்னென்ன பாடம் இருக்கிறது, மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள் என்று பள்ளியே ஓர் அறிக்கை சேர்த்து அனுப்புவது வழக்கம் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அதற்கென்றே ஆலோசகர் ஒருவர் பள்ளியில் இருப்பாராம். நம்மிடம் அப்படி ஒரு பதவியும் இல்லை, வழக்கமும் இல்லை. நீங்கள் இருந்தீர்கள்.

டெல்லியில் நான் பட்டது தனிக்கதை. முதல் இரண்டு மாதம் விடுதி கிடைக்காமல் உங்கள் மைத்துனர் வீட்டிலேயே இருந்தேன். ஆர்.கே. புரத்திலிருந்து யூ ஸ்பெஷல் பஸ்ஸில் வடக்கு வளாகத்துக்குப் போய் வந்தேன். உந்தம் என்று படித்ததை மொமெண்டம் என்று கேட்டு, விளிம்பு விளைவைத் தேடி டிஃப்ராக்ஷனைக் கண்டுபிடித்து, முதல் பரீட்சையில் தட்டுத் தடுமாறிப் பாஸ் செய்தேன். அக்டோபரில் வெங்காயம் விலையேறி விடுதி சாம்பாரில் வெங்காயமே இல்லாமல் போனது. அதைச் சாம்பார் என்று சொன்னதே தாராளம். மூன்று வருடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது.

முதல் டிசம்பர் லீவில் சோன் பப்டிப் பெட்டியோடு உங்கள் ஜன்னலுக்கு வந்தேன். நீங்கள் மாவட்டக் கல்வி அலுவலகம் போயிருந்தீர்கள். பெட்டியைப் பியூன் அண்ணனிடம் கொடுத்தேன். அடுத்த தடவை வந்தபோது உங்களுக்கு மாறுதல் ஆகியிருந்தது. அப்புறம் படிப்பு, கல்யாணம், மதுரையில் ஒரு கல்லூரியில் ஆசிரியை வேலை. சாக்குதான் சார் எல்லாம். விலாசம் தேடினால் கிடைத்திருக்கும், தேடவில்லை.

இப்போது தேட வைத்தது ஒரு போன். போன மார்ச்சில் நம் பள்ளியில் பன்னிரண்டாவது படிக்கும் பெண் ஒருத்தி யாரிடமோ எண் வாங்கிப் பேசினாள். “அக்கா, டெல்லி யுனிவர்சிட்டிக்கு க்யூட் போடணும். கம்ப்யூட்டர் சென்டர்ல உக்காந்திருக்கேன். ஓ.பி.சி. சர்டிபிகேட் கேக்குது. எங்கிட்ட பி.சி. சர்டிபிகேட்தான் இருக்கு. ரெண்டும் ஒண்ணுதானா?”

உங்களுக்கு இது புதிது சார், அதனால் சொல்கிறேன். கட் ஆஃப் பலகையெல்லாம் போய்விட்டது. 2021-ல் சில கல்லூரிகளில் சில பாடங்களுக்குக் கட் ஆஃப் 100 விழுக்காட்டைத் தொட்டது. அடுத்த வருடமே மத்தியப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே நுழைவுத் தேர்வு என்று க்யூட் வந்தது. தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. 13 மொழிகளில் எழுதலாம், தமிழிலும். ஆனால் கேள்விகள் என்.சி.இ.ஆர்.டி. பாடத்திட்டத்திலிருந்து. நம் 200 மதிப்பெண்ணும் 2018 தேர்வோடு முடிந்து, 100 ஆகிவிட்டது. உங்கள் ஒன்பதாவது தாளுக்கு இன்று வேலையில்லை. நுழைவுத் தேர்வு வேண்டாம் என்று 2022 ஏப்ரலில் நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. எனக்கு அதில் முழு உடன்பாடு. பன்னிரண்டு வருடப் படிப்பை ஓர் அரை நாள் கம்ப்யூட்டர் முன்னால் அடகு வைப்பது அநியாயம். ஆனால் தீர்மானம் அதன் பாட்டுக்கு இருக்கிறது, தேர்வு அதன் பாட்டுக்கு நடக்கிறது. அந்தப் பெண்ணுக்கு அன்று சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும்.

அவளிடம் நான் சொன்னது: “எனக்குத் தெரியாதும்மா. கேட்டுச் சொல்றேன்.” போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கேட்டேன். இரண்டும் ஒன்றில்லை. மாநில அரசின் பி.சி. சான்று அங்கே செல்லாது. கிரீமி லேயரில் இல்லை என்று மத்திய அரசின் படிவத்தில் ஓ.பி.சி. சான்று தனியாக வாங்க வேண்டும். டெல்லிப் பல்கலைக்கழகம் அதை அந்த வருடம் ஏப்ரல் 1-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ வாங்கியதாகக் கேட்கிறது. பழையது இருந்தால் உதவாது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துத் தாசில்தாரிடமிருந்து வர வேண்டும். பெயர் பத்தாம் வகுப்புச் சான்றிலும் ஆதாரிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் விரித்து என்று இருந்தால் அங்கே ஒரு வாரம் போகும். க்யூட் எழுதிவிட்டால் மட்டும் போதாது. டெல்லிப் பல்கலைக்கழகத்துக்குத் தனி இணையதளத்தில் மறுபடி பதிந்து, கல்லூரியையும் பாடத்தையும் விருப்ப வரிசையில் அடுக்க வேண்டும். இது தெரியாமல் நல்ல மதிப்பெண்ணோடு வீட்டில் காத்திருந்த பிள்ளைகளை எனக்கே தெரியும். வரிசையும் பலகையும் போய்விட்டன, கட்டங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அந்தக் கட்டங்களுக்கு முன்னால் இன்றைக்குப் பிள்ளை தனியாக உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் சென்டர்காரர்.

அந்தப் பெண்ணுக்காகப் போன மாதம் நம் பள்ளிக்குப் போயிருந்தேன். புதுக் கட்டடம், நல்ல லேப், இரண்டு ஸ்மார்ட் போர்டு. பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. உங்கள் அறைக்குப் போனேன். இளநிலை உதவியாளர் இடம் காலி. பக்கத்துப் பள்ளிக்காரர் வாரத்தில் இரண்டு நாள் வந்து சம்பளப் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறாராம். உங்கள் மேஜைமேல் சத்துணவு முட்டை அட்டைகளை அடுக்கியிருந்தார்கள். ஆங்கில முத்திரை இருக்கிறதா என்று கேட்டேன். தேடி எடுத்துக் கொடுத்தார்கள். ரப்பர் வெடித்திருந்தது, எழுத்து இன்னும் தெரிகிறது.

அந்தப் பெண்ணுக்கு டெல்லியில் கிடைக்கவில்லை. ஹைதராபாத்தில் கிடைத்திருக்கிறது. இடம்பெயர்வுச் சான்றிதழ் வாங்கிவிட்டோம்.

நீங்கள் இப்போது அருப்புக்கோட்டையில் மகன் வீட்டில் இருப்பதாகவும், கண்ணில் புரை வந்து ஆபரேஷன் ஆகியிருப்பதாகவும் பியூன் அண்ணன் சொன்னார். பேரப்பிள்ளைகள் யாராவது இதை வாசித்துக் காட்டட்டும். வாசிக்கும்போது, பிழை இருந்தால் சிவப்பு மையில் வட்டமிட்டு எனக்கே திருப்பி அனுப்பலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வரிசை எண் 14.

இணைப்பு: ரூ. 45, ஆங்கில முத்திரைக்கானது, மணியார்டரில் தனியே. வட்டி சேர்க்கவில்லை, சேர்த்தால் திருப்பி அனுப்பிவிடுவீர்கள்.

நகல்: அந்த நாற்காலிக்கு அடுத்து வரப்போகிறவருக்கு, தகவலுக்காக. முத்திரை பீரோவின் மேல் தட்டில் இருக்கிறது.